நூற்றெட்டாம் பக்கத்தின் ஒன்பதாம் வரி

சீட்டுக்கட்டைக் கையில் எடுத்த மாத்திரத்தில் பார்ப்பவர் விழிப்படைந்துவிடுகிறார். கைக்குட்டை, தொப்பி, கண்ணாடிக் குவளை எல்லாமே அப்படித்தான். அவற்றைக் கண்டதும் 'இதில் ஏதோ இருக்கிறது' என்று மனம் தனக்குத்தானே காவல் போட்டுக்கொள்கிறது. புத்தகத்தின்மேல் மட்டும் அந்தச் சந்தேகம் எழுவதில்லை. வீட்டு அலமாரியில் பல ஆண்டுகள் கிடந்த, முதல் பக்கத்தில் யாரோ கையொப்பமிட்ட, அட்டை மடங்கிய ஒரு நாவல் நம்மை ஏமாற்றும் என்று எவரும் எண்ணுவதில்லை. பிறர் மனத்தை வாசிப்பதாகக் காட்டும் வித்தைக்காரர்கள் புத்தகத்தைத் தேடி வந்ததன் காரணம் இதுதான்.

வித்தையைப் பார்த்தவர்கள் அறிவார்கள். அவையிலிருந்து ஒருவர் எழுந்து வருகிறார். புத்தகத்தின் ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து, அதில் ஒரு சொல்லை மனத்தில் இருத்திக்கொண்டு, புத்தகத்தை மூடிவிடுகிறார். வித்தைக்காரர் அவர் முகத்தை உற்று நோக்குகிறார். தாளில் எதையோ எழுதுகிறார், அடிக்கிறார், மறுபடியும் எழுதுகிறார். கடைசியில் தாளைத் திருப்பிக் காட்டினால் அதே சொல்! மேலை நாட்டு வித்தை உலகில் இதற்குப் 'புக் டெஸ்ட்' என்று பெயர். நாம் இதைப் புத்தகச் சோதனை என்று அழைப்போம். இங்கிலாந்தின் டோனி கொரிண்டா மனவாசிப்பு வித்தைகளைப் பதின்மூன்று படிகளாகப் பகுத்து எழுதினார். முதலில் தனித்தனிச் சிறு நூல்களாக வந்து, பின்னர் 'தெர்டீன் ஸ்டெப்ஸ் டு மெண்டலிசம்' என்று ஒரே தொகுதியான அந்நூலில் ஏழாம் படி புத்தகச் சோதனைக்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கிறது. இத்துறையில் நுழைவோர் இன்றும் அதைத்தான் முதலில் புரட்டுகிறார்கள்.

இலக்கியம் பேசும் இடத்தில் இந்த வித்தைக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். புத்தகத்தின் பெயரால் சொல்லப்படும் பொய் புத்தகப் பிரியர்களுக்குச் சொந்தப் பிரச்சினை என்பதே நமது விடை. அச்சில் வந்ததன்மேல் மக்களுக்கு இருக்கும் நம்பிக்கையை இவ்வித்தை முதலீடாகக் கொள்கிறது. அந்த முதலீட்டை யார், எதற்காக, என்ன சொல்லிப் பயன்படுத்துகிறார் என்பதைப் பொறுத்தே இது களிப்பூட்டும் கலையாகவோ பிறர் துயரத்தில் காசு பார்க்கும் தொழிலாகவோ ஆகிறது. ஆகவே, இவ்வித்தையைக் கற்க வேண்டும், கற்பிக்க வேண்டும். ஆனால் முடிவில் 'இது வித்தை' என்னும் ஒரு வாக்கியம் இல்லாமல் இதை ஒருபோதும் செய்யக்கூடாது என்பது நமது கட்சி.

முதலில் வித்தையின் உள்ளே சற்று நுழைந்து பார்ப்போம். இதற்கென்றே அச்சிடப்பட்ட தந்திரப் புத்தகங்கள் கடைகளில் விற்கின்றன. வெளிப்பார்வைக்கு நாவல்போல் இருக்கும். உள்ளே வித்தைக்காரருக்கு வசதியாகச் சொற்கள் அமைக்கப்பட்டிருக்கும். அவற்றை நாம் இங்கே பேசவில்லை. எந்த வீட்டு அலமாரியிலும் கிடைக்கும் சாதாரணப் புத்தகத்தைக் கொண்டு செய்வதே இக்கலையின் உயர்ந்த வடிவம்.

மிகப் பழைய வழி கணக்கு. மூன்று இலக்க எண் ஒன்றை நினைத்துக்கொள்ளச் சொல்வார்கள். முதல் இலக்கமும் கடைசி இலக்கமும் வேறுவேறாக இருந்தால் போதும். 851 என்று கொள்வோம். அதைத் திருப்பினால் 158. பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் 693. இதையும் திருப்பி 396 ஆக்கி, இரண்டையும் கூட்டினால் 1089. வேறு எந்த எண்ணை எடுத்தாலும் விடை 1089தான். கழித்து வருவது எப்போதும் 99இன் மடங்கு. அதில் நடு இலக்கம் 9, இரு ஓரங்களின் கூட்டுத்தொகையும் 9. ஆகவே திருப்பிக் கூட்டும்போது நூறாம் இடத்தில் 9, பத்தாம் இடத்தில் 18, ஒன்றாம் இடத்தில் 9 என்றே அமையும். (கழித்து 99 வந்தால் அதை 099 என்று எழுதிக்கொள்ள வேண்டும்; அவ்வளவுதான்.) இனி '108ஆம் பக்கத்தைத் திறந்து 9ஆம் வரியைப் பாருங்கள்' என்று சொன்னால் முடிந்தது. அந்த வரியை வித்தைக்காரர் முன்னரே படித்து வைத்திருக்கிறார். தேர்வு தம்முடையது என்று அவையினர் முழுமையாக நம்புகிறார்கள். நம் நாட்டில் நூற்றெட்டு என்ற எண் வந்து விழும்போது சிலர் கன்னத்தில் போட்டுக்கொள்ளவும் கூடும்!

இரண்டாவது வழியில் கணக்கே இல்லை. இரு புத்தகங்கள் இருக்கும். ஒன்று பார்வையாளர் கையில், மற்றது வித்தைக்காரர் கையில். தம் கையிலிருப்பதை அவர் கட்டை விரலால் சரசரவென்று விடுகிறார். 'எங்கே வேண்டுமானாலும் நிறுத்தச் சொல்லுங்கள்' என்கிறார். 'நிறுத்துங்கள்' என்ற குரல் கேட்டதும் பக்கத்தைப் பார்த்து, 'எழுபத்து மூன்று' என்கிறார். பார்வையாளர் தம் புத்தகத்தில் 73ஆம் பக்கத்தைத் திறக்கிறார். வித்தைக்காரர் நிறுத்திய பக்கம் உண்மையில் 112 ஆகவோ 40 ஆகவோ இருந்திருக்கும். 73 என்பது அவர் வீட்டிலிருந்தே கொண்டுவந்த எண். அந்தப் பக்கத்தின் முதற் சொல்லும் அப்படியே. ஒரு மனிதர் பக்க எண்ணைப் பார்த்துப் படிக்கும்போது அதைச் சரிபார்க்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றுவதில்லை. இத்தனை பெரிய வியப்பும் ஒரே ஒரு சிறிய பொய்யின்மேல் நிற்கிறது.

மூன்றாவது வழி, கடைக்கண் பார்வை. 'புத்தகத்தை இப்படிப் பிடியுங்கள்' என்று செய்துகாட்டும் சாக்கிலோ, அடையாளத்துக்கு ஓர் அட்டையைச் செருகும் சாக்கிலோ அரைக்கணம் பக்கத்தைக் கண்டுவிடுவது. இதற்குத் துணிச்சலும் பயிற்சியும் வேண்டும். வித்தைக்காரர்கள் இதையே பெரிதும் மதிக்கிறார்கள். ஏனெனில் புத்தகத்தை விருந்தளிப்பவர் வீட்டிலிருந்தே வாங்கிக்கொள்ளலாம், முன்னேற்பாடு எதுவும் தேவையில்லை.

இவற்றைத் தமிழ்ப் புத்தகத்தில் செய்து பார்க்க விரும்புவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் அச்சு மரபில் வரியின் முடிவில் இடம் போதாதபோது நீண்ட சொல்லை இரண்டாக உடைத்துவிடுகிறோம். பெரும்பாலும் இணைப்புக் குறிகூட இடுவதில்லை. எனவே வரியின் முதற் சொல்லைப் பார்க்கச் சொன்னால் பார்வையாளர் கண்ணில் 'றார்கள்' என்றோ 'ளுக்காக' என்றோ ஒரு வால் மட்டும் படும். பத்தியின் தொடக்கத்தையோ, வரியின் இரண்டாம் சொல்லையோ தேர்ந்துகொள்வது நல்லது. நமக்கு இலக்கணம் ஒரு கூடுதல் உதவியும் செய்கிறது. சொல்லை எழுத்து எழுத்தாகப் 'பிடிப்பது' மனவாசிப்பு நாடகத்தின் சுவையான பகுதி. ஆங்கிலத்தில் எந்த எழுத்தும் சொல்லின் முதலில் வரலாம். நன்னூலோ பன்னிரண்டு உயிரையும் பத்து மெய்களின் வரிசையையும் மட்டுமே மொழிமுதலாக ஏற்கிறது. டகரத்திலோ றகரத்திலோ தொடங்கும் தமிழ்ச்சொல் இல்லை. ஆகவே, 'வல்லினம்போல் தெரிகிறதே' என்று வித்தைக்காரர் மெல்லக் கேட்டு, எதிரிலிருப்பவர் தலையசைத்துவிட்டால், முதலெழுத்து க, ச, த, ப என்னும் நான்கு வரிசைகளுள் அடங்கிவிடுகிறது. பவணந்தி முனிவர் இப்படியொரு பயனை எதிர்பார்த்திருக்க மாட்டார்.

இதுவரை எல்லாம் விளையாட்டு. இனி வருவது விளையாட்டன்று.

புத்தகத்தைத் திறந்து விடை கேட்பது உலகெங்கும் பழைய வழக்கம். ஐரோப்பியர் வர்ஜிலின் காவியத்தைத் திறந்து குறி பார்த்தனர். ஈரானியர் ஹாபிஸின் கவிதைத் தொகுதியை இன்றும் அவ்வாறே திறக்கின்றனர். நம்மிடையே திருமுறையில் கயிறு சார்த்திப் பார்த்தல் என்ற மரபு உண்டு. மகப்பேறு வேண்டிய பெண்ணாகடத்து அச்சுதகளப்பாளர் தம் குருவின் சொற்படி கயிறு சார்த்த, திருவெண்காட்டுப் பதிகம் வந்ததென்றும், அத்தலம் சென்று வழிபட்டுப் பெற்ற பிள்ளையே மெய்கண்டார் என்றும் சைவ மரபு கூறும். இதை நாம் வித்தையோடு சேர்த்து எண்ணவில்லை. இங்கே பார்ப்பவர் கண்ணை மறைக்க எவருமில்லை. ஏட்டைத் திறப்பவர் தம் ஆற்றல் என்று எதையும் கோருவதில்லை. ஆனால் மனம் கலங்கியிருக்கையில் திறந்த பக்கம் நமக்காகவே எழுதப்பட்டதுபோல் பேசும் என்ற அனுபவத்தை இம்மரபுகள் எல்லாம் அறிந்திருக்கின்றன. இலக்கியம் படிப்போருக்கும் அது புதிதன்று. ஏதோ ஒரு நாட்டில் ஏதோ ஒரு நூற்றாண்டில் எழுதப்பட்ட வரி நம்மைப் பற்றியது என்று தோன்றாவிட்டால் நாம் ஏன் படிக்கப் போகிறோம்? பக்கத்துக்கு அந்த உயிரைக் கொடுப்பது படிப்பவரின் மனம். இந்த அனுபவத்தை ஒருவர் இடையில் நின்று தமது ஆற்றல் என்று விற்கத் தொடங்கும்போதுதான் சிக்கல் பிறக்கிறது.

முதல் உலகப் போர்க்கால இங்கிலாந்தில் அது நடந்தது. விந்தை என்னவெனில், அங்கும் இதற்குப் புத்தகச் சோதனை என்றே பெயர். மேடை வித்தைக்கும் இதற்கும் பெயர் ஒன்று, பொருள் வேறு. போரில் இறந்த மகன் ஆவியாக வந்து, ஊடகப் பெண்ணின் வாயிலாக, 'இன்ன அலமாரியில், இன்ன தட்டில், இத்தனையாவது புத்தகத்தில், இன்ன பக்கத்தைப் பாருங்கள்' என்று சொல்வான். குடும்பத்தார் வீட்டுக்குச் சென்று அந்தப் பக்கத்தைத் திறப்பார்கள். அதில் ஏதேனும் பொருந்தினால், மகன் இன்னும் இருக்கிறான் என்பதற்கு அது சான்று. இச்சோதனைகளுக்குப் பேர்போனவர் கிளாடிஸ் ஆஸ்போர்ன் லெனார்ட். 1915இல் மகன் ரேமண்டைப் போரில் இழந்த இயற்பியலாளர் ஆலிவர் லாட்ஜ் ஆறுதல் தேடிச் சென்றதும் இவரிடமே.

இச்சோதனைகளுள் புகழ்பெற்ற ஒன்றைப் பார்ப்போம். எட்வர்டு விண்டம் டெனன்ட் என்ற இளங்கவி 1916 செப்டம்பரில் சோம் போர்முனையில் இறந்தார், வயது 19. வீட்டார் அவரை 'பிம்' என்று அழைத்தனர். 1917 டிசம்பரில் லெனார்ட் வாயிலாக ஒரு செய்தி வந்தது. தந்தைக்கென்று வந்த செய்தி அது. வரவேற்பறைக்குள் நுழைகையில் கதவுக்கு வலப்புறம் உள்ள அலமாரி. மூன்றாம் தட்டில் இடமிருந்து ஒன்பதாவது புத்தகம். தலைப்பைப் பாருங்கள், பிறகு 37ஆம் பக்கத்தைப் பாருங்கள். எடுத்துப் பார்த்தால் புத்தகத்தின் பெயர் 'மரங்கள்'. 36ஆம் பக்க அடியிலிருந்து 37ஆம் பக்கம்வரை மரத்தைக் குடைந்து கெடுக்கும் வண்டைப் பற்றிய செய்தி. தந்தை கிளென்கானர் பிரபு காடு வளர்ப்பில் ஆழ்ந்த ஈடுபாடு உடையவர். காட்டுக்குள் நடக்கும்போதெல்லாம் அந்த வண்டைப் பற்றி அவர் அங்கலாய்ப்பதும், பிள்ளைகள் அதைக் கேலி செய்வதும் அக்குடும்பத்தின் வழக்கம். தாய் பமீலா இவற்றையெல்லாம் 1921இல் 'தி எர்தன் வெசல்' என்ற நூலாக வெளியிட்டார். முன்னுரை எழுதியவர் லாட்ஜ்.

படிக்கையில் நம் உடலும் சிலிர்க்கத்தான் செய்கிறது. ஆயினும் செய்தி சொன்னது என்ன என்று திரும்பப் பாருங்கள். இடத்தையும், அது தந்தைக்கு உரியது என்பதையும் மட்டுமே சொன்னது. மரம் என்றோ வண்டு என்றோ அதில் ஒரு சொல்லும் இல்லை. காடு வளர்ப்பவர் வீட்டு அலமாரியில் மரங்களைப் பற்றிய புத்தகம் இருப்பது அதிசயமன்று. அங்கே வேறொரு புத்தகம் இருந்து, 37ஆம் பக்கத்தில் ஒரு நதியோ, நாயோ, மழைக்கால மாலையோ வந்திருந்தால் அக்குடும்பத்துக்கு நினைவுகள் இல்லாமலா போயிருக்கும்? பத்தொன்பது ஆண்டு வாழ்வை மனத்தில் சுமக்கும் தாய்க்கு எந்தப் பக்கமும் வெறும் பக்கமன்று.

உளவியல் ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த எலினார் சிட்ஜ்விக் அம்மையார் இத்தகைய 532 சோதனைகளை ஆராய்ந்து 1921இல் அறிக்கை வெளியிட்டார். ஏறத்தாழ 36 சதவீதம் முழுமையாகவோ ஓரளவுக்கோ பொருந்தின என்று அவர் கணக்கிட்டார். ஒப்பீட்டுக்காகச் செய்யப்பட்ட போலிச் சோதனைகளில் வெற்றி மிகவும் குறைவாகவே இருந்தது. நம்புவோர் இதைப் பெரிய சான்றாகக் காட்டுவர். நாம் வேறொன்றைக் காண்கிறோம். போலிச் சோதனையில் பக்கத்தைத் திறந்தவர் எவருடைய குரலுக்காகவும் ஏங்கவில்லை. உண்மைச் சோதனையில் திறந்தவர் தம் பிள்ளையின் குரலை எதிர்பார்த்துத் திறந்தார். இருவரும் ஒரே வகையில் வாசித்தனர் என்று கொள்வது வாசிப்பைப் பற்றி ஒன்றும் அறியாதவர் கூற்று. லெனார்ட் தெரிந்தே ஏமாற்றினார் என்று நாம் குற்றம் சாட்டவில்லை, அவரே நம்பியிருக்கலாம். ஆனால் அந்தத் தாய்மாருக்கு, 'இப்பக்கத்தில் நீங்கள் காண்பது உங்கள் அன்பு; வேறு எவருடைய செய்தியும் அன்று' என்று சொல்ல அருகில் ஒருவர் இல்லாமற்போனது துயரம்.

இது வெள்ளையர் வீட்டுப் பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. 2010க்குப் பிந்தைய ஆண்டுகளில் இந்தியாவின் பல நகரங்களிலும், தமிழ்நாட்டிலும், 'மிட் பிரெய்ன் ஆக்டிவேஷன்' என்ற பெயரில் சிறுவர் வகுப்புகள் பரவின. சில நாட்கள் இசை கேட்கச் செய்து நடுமூளையைத் 'தூண்டி' விட்டால், கண்ணைக் கட்டிக்கொண்டே பிள்ளை புத்தகம் படிக்கும் என்று விளம்பரம். கட்டணம் பல்லாயிரம் ரூபாய். மேடையில் ஒரு சிறுமி கறுப்புத் துணியால் கண்ணைக் கட்டிக்கொண்டு பாடப் புத்தகத்தை உரக்கப் படிப்பாள். பெற்றோர் கண்ணில் நீர் நிற்கும். நடுமூளையோ மூளைத்தண்டின் மேற்பகுதி. விழி அசைவிலும் கேட்டலிலும் பங்குகொண்டு பிறப்பிலிருந்தே வேலை செய்துவருவது. அதைத் தூண்ட எவரும் கட்டணம் வாங்க வேண்டியதில்லை.

சிறுமி படித்தது எப்படி? மூக்கின் இருபுறமும் துணி ஒட்டாமல் நிற்கும் இடைவெளி வழியாக. கண்ணைக் கட்டிக்கொண்டு கீழ்நோக்கிப் பார்த்தால் எவர்க்கும் தெரியும். மனவாசிப்பு வித்தையில் இது பாலபாடம். கொரிண்டாவின் ஐந்தாம் படி முழுவதும் கண்கட்டு வித்தைதான். காஷ்மீரில் பிறந்த குடா பக்ஸ் (1905–1981) கண்களின்மேல் மாவு உருண்டையை அப்பி, பஞ்சு வைத்து, தலை முழுவதும் துணி சுற்றி, அவையினர் நீட்டிய புத்தகத்தை மேடையில் படித்துக் காட்டியவர். ரோல்டு டால் அவரைப் பற்றிக் கட்டுரை எழுதினார். பின்னர் 1977இல் வெளிவந்த ஹென்றி சுகர் கதையில் கண்ணின்றிக் காணும் மனிதராக அவர் சாயலைப் படைத்தார். நமது வகுப்புச் சிறுவர்களுக்கு அவ்வளவு தேர்ச்சியும் தேவைப்படவில்லை. புத்தகத்தை நெற்றிக்கு நேராக உயர்த்திப் பிடித்தாலோ, மோவாயின் கீழ் ஓர் அட்டையை நீட்டினாலோ அந்த அற்புதம் நின்றுவிடும். நரேந்திர நாயக் போன்ற பகுத்தறிவாளர்கள் இதைப் பலமுறை பொதுவில் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள்.

பணம் போனால் சம்பாதிக்கலாம். அந்தச் சிறுமியை எண்ணிப் பாருங்கள். துணியின் கீழே தெரிகிறது என்பது அவளுக்குத் தெரியும். தெரியவில்லை என்று சொன்னால் அம்மாவும் அப்பாவும் மகிழ்கிறார்கள், அக்கம்பக்கத்தார் மெச்சுகிறார்கள் என்பதும் தெரியும். எட்டு வயதில், தான் நேசிக்கும் பெற்றோரிடம், கையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு, நாள்தோறும் பொய் சொல்ல அவள் பழக்கப்படுகிறாள். அதைவிட்டு வெளியே வரவும் அவளுக்கு வழியில்லை. இதே குழந்தைக்கு இதே கண்கட்டை வித்தையென்று சொல்லிக் கற்றுக்கொடுத்திருந்தால், அவள் ஒரு கலையைக் கற்றிருப்பாள், பெற்றோரும் வியந்திருப்பர், பொய்யின் பாரம் எவர் தோளிலும் இராது. துணி ஒன்று, புத்தகம் ஒன்று, செயலும் ஒன்று. வேறுபாடு, சொல்லப்படாத அந்த ஒரு வாக்கியம்.

நமது கட்சிக்கு எதிராக வித்தை உலகிலிருந்தே ஒரு வாதம் உண்டு. 'இது வித்தை' என்று சொன்னால் மாயம் கலைந்துவிடும், நாடக நடிகர் ஒவ்வொரு காட்சியிலும் 'நான் அரிச்சந்திரன் அல்லன்' என்று சொல்கிறாரா என்பர். நாடகக் கொட்டகையில் அது சொல்லாமலே விளங்குகிறது; அதனால் சொல்வதில்லை. நாடகம் முடிந்தபின் எவரும் நடிகரிடம் சென்று அரிச்சந்திரனின் சுடுகாட்டில் தம் பிள்ளைக்கு ஓர் இடம் கேட்பதில்லை. மனவாசிப்பு வித்தைக்காரரிடமோ, நிகழ்ச்சி முடிந்ததும் காணாமற்போன மகனைப் பற்றியும் கூடிவராத திருமணத்தைப் பற்றியும் கேட்க ஆட்கள் வருகிறார்கள். அப்படி ஒருவர் வரக்கூடிய மேடையில் மௌனம் என்பதும் ஒரு கூற்றே.

இன்னொரு சாரார் நடுவழி ஒன்று கண்டிருக்கிறார்கள். 'எனக்கு அமானுஷ்ய சக்தி இல்லை. உங்கள் கண்ணசைவையும் முகக்குறிப்பையும் கொண்டே சொல்லைக் கண்டுபிடித்தேன்' என்பார்கள். கேட்க அறிவியல்போல் இருக்கிறது. ஆனால் சொல் கண்ணசைவிலிருந்து வரவில்லை. 108ஆம் பக்கத்திலிருந்து வந்தது. ஆவிக்குப் பதிலாக உளவியல் என்ற பெயரில் இன்னொரு மூடநம்பிக்கை நடப்படுகிறது. முகத்தைப் பார்த்தே ஒருவன் மனத்திலுள்ள சொல்லை அறியலாம் என்று நம்பத் தொடங்கும் சமூகம், முகத்தைப் பார்த்தே திருடனையும் பொய்யனையும் தீர்மானிக்கத் துணியும். மேடையில் கதைக்காக இதைச் சொல்வதில் தவறில்லை. ஆனால் கதை முடிந்தபின் அதையும் கதையென்று சொல்லியாக வேண்டும்.

சூட்சுமத்தை இப்படி எழுதிவைத்தால் கலை அழியாதா? அழியாது. வெண்பாவின் தளை தெரிந்தவர் வெண்பாவைக் குறைவாகவா சுவைக்கிறார்? 1089இன் கணக்கு தெரிந்தபின், அதை ஒருவர் அவையின்முன் தடுமாறாமல், கேட்போர் ஐயுறாத வண்ணம் நிகழ்த்துவதைக் காணும்போது மதிப்பு கூடவே செய்கிறது. நம் மரபில் இதற்கு நல்ல முன்மாதிரி உண்டு. செய்குத்தம்பிப் பாவலர் 1907 மார்ச்சில் சென்னை விக்டோரியா அரங்கில் சதாவதானம் நிகழ்த்தினார். பலர் பலவாறாகக் கேட்பவற்றையெல்லாம் ஒரே வேளையில் மனத்தில் தாங்கி விடை சொல்லும் அந்த ஆற்றலை அவர் தெய்வ சக்தி என்று விற்றிருக்கலாம். அக்காலத்தில் நம்பவும் ஆள் இருந்திருக்கும். அவரோ அதைக் கவனமும் கல்வியும் சேர்ந்த கலை என்றே நிகழ்த்தினார், அவையும் அவ்வாறே போற்றியது. வியப்பு அதனால் ஒரு துளியும் குறையவில்லை. கோவை போத்தனூரில் வாழ்ந்த பி. பிரேமானந்த் (1930–2009) சாமியார்கள் 'அற்புதம்' என்று செய்தவற்றை ஊர் ஊராகச் செய்து காட்டி, உடனே அவற்றின் சூட்சுமத்தையும் விளக்கினார். அவர் முன் அமர்ந்த குழந்தைகள் மாயம் கலைந்துவிட்டதென்று அழவில்லை. தாமும் செய்து பார்க்கத் துடித்தனர்.

அதையே நாம் வேண்டுகிறோம். பள்ளி நூலகத்தில், வாசகர் வட்டக் கூட்டத்தில், விடுமுறைக்குப் பிள்ளைகள் கூடும் வீட்டில் இவ்வித்தையைச் செய்து காட்டுங்கள். தேர்ந்துகொள்ளும் புத்தகம் நல்ல புத்தகமாக இருக்கட்டும்; 108ஆம் பக்கத்தை நீங்கள் மனப்பாடம் செய்தாக வேண்டும் அல்லவா? வியப்பு அடங்கும்வரை சற்றுப் பொறுங்கள். பிறகு, 'உன் மனத்தை நான் வாசிக்கவில்லை, எவராலும் முடியாது, இதோ இப்படித்தான் செய்தேன்' என்று சொல்லிக் கணக்கை விளக்குங்கள். ஒரு வாரத்தில் அந்தப் பிள்ளை வேறு நால்வரிடம் இதைச் செய்து காட்டியிருக்கும். நாளை எவரேனும் கண்ணைக் கட்டிக்கொண்டோ, ஆவியின் பெயராலோ அப்பிள்ளையின் முன் ஒரு புத்தகத்தைத் திறந்தால், 'பக்கத்தைத் தேர்ந்தது யார்?' என்று அது கேட்கும். அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்தவரை ஏமாற்றுவது கடினம்.

இதைப் படித்துவிட்டுச் செய்து பார்ப்போருக்கு ஒரு சொல்: ஒரே அவையில் 1089ஐ இரண்டாம் முறை செய்யாதீர்கள். இரண்டாம் முறையும் நூற்றெட்டே வந்தால், கன்னத்தில் போட்டுக்கொண்டவர்கூடக் கணக்குப் போடத் தொடங்கிவிடுவார்.